நரியேந்தல் அடிகுழாயில் வந்த டீ

நரியேந்தல் காலனிக்குத் தண்ணீர் வேண்டும் என்று மனுக் கொடுத்துக் கொடுத்து, மனு எழுதித் தருகிறவருக்கே அந்த வாசகம் மனப்பாடமாகிவிட்ட பிறகு, ஒரு மாசி மாதத்தில் போர் போடுகிற லாரி ஓடையைக் கடந்து வந்து, வேம்படியில் நின்று, பகலெல்லாம் பூமியைக் குடைந்து, வீடு வாசல் ஆடு கோழி எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூசியைப் பூசிவிட்டுப் போனது. மறுநாள் அடிகுழாயைப் பொருத்தி, சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கைப்பிடியைப் பிடித்து அடித்தபோது முதலில் காற்று வந்தது, அடுத்துச் சேறு வந்தது, அதற்கடுத்து ஆவி பறக்க டீ வந்தது.

அது டீ என்று யாருக்கும் உடனே தெரியவில்லை. கருவேல மரத்தின் உள்வைரத்தைக் காய்ச்சி இறக்கியதுபோலக் கருஞ்சிவப்பாக அது வந்துகொண்டே இருக்க, குடத்தை வைத்துக்கொண்டு நின்ற பெண்களின் முகம் வாடிப்போயிற்று. "துருத்தண்ணி. நாலு நாள் அடிச்சு விட்டாத் தெளிஞ்சுரும்" என்றான் சோணை. குழியில் தேங்கியதை ஒரு வெள்ளாடு குடித்துவிட்டு, எதையோ யோசிக்கிறதுபோல அசையாமல் நின்றது.

அப்போதுதான் சோணையின் பெண்டாட்டி ராக்கு கரிமூட்டத்திலிருந்து வந்தாள். சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி, உள்ளே நெருப்பை வைத்து, புகையின் நிறத்தைப் பார்த்துப் பார்த்துக் கரியாக்குவது அவர்கள் பிழைப்பு. நாற்பது வயதில் அவள் உள்ளங்கை ரேகையெல்லாம் கருப்பு மையால் எழுதியதுபோல இருக்கும். தாகத்தில் யாரையும் கேட்காமல் இரண்டு கையையும் குவித்து ஏந்திக் குடித்தாள்.

முதலில் நாக்கின் ஓரத்தைக் கசப்பு பிடித்து இழுத்தது. அவள் துப்பப் போனாள். துப்புவதற்குள் கசப்பு விலகி, மூட்டத்தின் மேல் முதல் மழை விழும்போது எழுமே, சுட்ட மண்ணும் ஈரமும் கலந்த ஒரு வாசம், அது மூக்குக்குள் ஏறியது. விழுங்கிய பிறகு, நெல்லிக்காயைத் தின்று தண்ணீர் குடித்ததுபோலத் தொண்டையின் அடியிலிருந்து ஒரு இனிப்பு மெதுவாக மேலே வந்தது. யாரும் சீனி போடாத இனிப்பு.

"என்னடி, உப்பா?" என்றாள் பக்கத்து வீட்டு அன்னக்கொடி.

"உப்பில்ல மதினி." இன்னொரு வாய் குடித்தாள். "டீயி."

"பாலு எங்கடி?"

"பாலில்லாத டீயி."

அன்னக்கொடி குனிந்து ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்து, திரும்ப ஒரு வாய் குடித்தாள். "தண்ணி கேட்டம், இந்தப் பயபுள்ளைக டீயக் குடுத்துருக்காய்ங்க" என்றாள். காலனி முழுக்க டம்ளர்களை எடுத்துக்கொண்டு ஓடி வந்தது.

டீ என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது ஒன்றே ஒன்றுதான். அது ஓடைக்கு அந்தப் பக்கம், ஊருக்குள், நல்லதம்பி கடையில் கிடைப்பது. அந்தக் கடை வாசலில் ஊர்க்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "ஸ்ட்ராங்கா ஒண்ணு", "சீனி தூக்கலா", "ஆத்தாமக் குடுப்பா", "எனக்குப் பாலேடு வேணாம்" என்று ஆளுக்கொரு விதமாகக் கேட்பார்கள். நல்லதம்பியும் ஒவ்வொருவர் ருசியையும் அறிந்து கண்ணாடிக் கிளாஸில் நுரை கட்ட ஆற்றித் தருவார். காலனிக்காரர்கள் வந்தால் கடையின் பக்கவாட்டில் நிற்க வேண்டும். அந்தக் காலத்தில் சிரட்டை, இந்தக் காலத்தில் பேப்பர் கப்பு. அதில் எது ஊற்றப்படுகிறதோ அதுதான் டீ. ஒருமுறை ராக்கு, "ஐயா, சீனி கொஞ்சம் கம்மியாப் போடுங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. "கேட்டியாப்பா, ராக்குக்குச் சீனி கம்மியா வேணுமாம்ல!" என்று அன்றைக்குப் பூராவும் ஊர் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அதற்குப் பிறகு அவள் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை.

ஆகவே இப்போது, கேட்டபடியெல்லாம் குடிக்கலாம் என்று ஒரு டீ தன் வாசலிலேயே பொங்கி வந்தபோது, எப்படிக் கேட்பது என்று காலனியில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பழகுவதற்குக் கொஞ்ச காலம் பிடித்தது. அந்த டீயில் சோறு ஆக்கினார்கள், சோறு செந்நிறமாக வந்தது, அதற்குக் கருவாட்டுக் குழம்பு பொருந்திப்போயிற்று. துணி துவைத்தார்கள், வேட்டி சட்டை எல்லாம் ஒரே பழுப்பு நிறமாகி, சந்தையில் தூரத்திலிருந்தே காலனிக்காரர்களை அடையாளம் தெரிந்தது. பிள்ளைகளைக் குளிப்பாட்டினார்கள், பிள்ளைகள் உறங்காமல் விடிய விடிய ஆடித் தீர்த்தன. அதிலிருந்து குளிப்பதற்கும் துவைப்பதற்கும் லாரித் தண்ணீர், குடிப்பதற்குக் குழாய் என்று பிரித்துக்கொண்டார்கள். பரிசோதனை செய்ய ஒரு அதிகாரி வந்தார். ஒரு டம்ளர் குடித்தார், இன்னொரு டம்ளர் குடித்தார், பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார். ஓடையைத் தாண்டியதும் பாட்டிலில் இருந்தது வெறும் உப்புத் தண்ணீராகிவிட்டது. "உப்பு மிகுதி, குடிக்கத் தகுதியற்றது" என்று எழுதி அனுப்பிவிட்டு, அடுத்த வாரமும் பரிசோதனைக்கு வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார்.

ஓடையைத் தாண்டினால் அது உப்புத் தண்ணீர். இந்தப் பக்கம் டீ. இதை எல்லாரும், மழை மேலேயிருந்துதான் விழும் என்பதைப்போல, ஒத்துக்கொண்டு மேற்கொண்டு வேலையைப் பார்த்தார்கள்.

மேற்கொண்டு வேலை என்பது அவரவர் ருசியைக் கண்டுபிடிப்பது. அதற்கு இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. அன்னக்கொடி கருப்பட்டி போட்டுப் பார்த்தாள், சுக்குத் தட்டிப் பார்த்தாள், எலுமிச்சை பிழிந்தாள், துளசி கிள்ளினாள், ஒவ்வொன்றையும் குடித்துவிட்டு, "இது நல்லாத்தேன் இருக்கு, ஆனா இது நானில்ல" என்று தலையை ஆட்டினாள். கடைசியில் ஒரு நாள் கைதவறி உப்பு விழுந்த டீயை வீணாக்க மனமில்லாமல் குடித்தபோது, குடித்தபடியே எழுந்து நின்று, "ஏத்தா, இதுதேன், இதுதேன்" என்று தெருவைக் கூட்டினாள். சோணைக்கு மண்கலயத்தில் ராத்தங்கிக் குளிர்ந்த டீ பிடித்தது. பேச்சே வராத மாயழகுப் பெரியப்பா ஐந்தாறு வாரம் எதற்கும் பிடிகொடுக்காமல் இருந்து, கடைசியில் வறுத்த மல்லி போட்ட டீயைக் காட்டித் தலையசைத்தார். மகள்காரிக்கு அழுகை வந்துவிட்டது. அப்பனுக்கு இன்னது பிடிக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது அதுதான் முதல் தடவை.

ராக்குக்கு எதுவும் சேர்க்கப் பிடிக்கவில்லை. வெறும் டீதான் வேண்டும், ஆனால் எங்கோ ஒரு கை குறைந்தது. ஒரு நாள் மூட்டத்தைப் பிரித்துக்கொண்டிருந்தவள், கங்கின் மேல் கிடந்த மண்குவளையை எடுத்து, சூடு தணியும் முன்பே அதில் டீயை ஊற்றினாள். அது சீறிப் பொங்கி அடங்கியது. அடங்கியதில் புகையும் இருந்தது, மண்ணும் இருந்தது, நாக்கு தாங்குகிற எல்லைவரை சூடும் இருந்தது. ஒரு வாய் குடித்தாள். பிறந்ததிலிருந்து யாரோ ஒருவர் வாசலில் நின்று அவள் பேரைத் தப்புத் தப்பாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்துவிட்டு, இப்போதுதான் சரியாகக் கூப்பிட்டதுபோல இருந்தது. கரிக்கையோடு மூட்டத்து மண்ணிலேயே உட்கார்ந்து, முழுக் குவளையையும் யாருக்கும் கொடுக்காமல் குடித்து முடித்தாள்.

சுக்குக் கொதிக்கவும் மல்லி வறுக்கவும் எந்நேரமும் கங்கு இருந்த வீடு அவளுடையதுதான்; குழாய்க்கு எதிரிலும் அதுவே இருந்தது. ஆகவே எல்லாரும் அங்கே வந்தே குடித்தார்கள். யார் வந்தாலும் ராக்கு, "எப்பிடி வேணும், சொல்லுங்க" என்று கேட்பாள். ஒரு தரம் சொல்லிவிட்டால் அவளுக்கு மறக்காது. ஆனாலும் அடுத்த தரமும் கேட்பாள். கேட்பதுதான் மரியாதை என்பது அவள் எண்ணம்.

சித்திரை பிறந்ததும் ஊர்க்காரர்கள் வரத் தொடங்கினார்கள். ஆடு தேடி வந்ததாக ஒருவர் வந்தார். கரி விலை விசாரிக்க என்று ரைஸ்மில்காரர் வந்தார். ஊரெல்லாம் உண்டு களைத்து உறங்குகிற உச்சிவெயிலில் பூசாரி வந்தார். பள்ளிக்கூடத்து வாத்தியார் மக்கள்தொகை எடுக்க வந்ததாகச் சொல்லி, ராக்கு வீட்டு மக்களை மட்டும் திரும்பத் திரும்ப எடுத்தார். வாசம் வந்து இழுக்கிறது என்றார்கள். ஒவ்வொருவரும், "இந்தா ராக்கு, நான் வந்தது யாருக்கும் தெரிய வேணாம்" என்றார்கள். "நான் எதுக்குச் சொல்றேன், ஒங்களுக்கு எப்பிடி வேணும், அதச் சொல்லுங்க" என்றாள் ராக்கு. கல்யாணத்தில் சீராக வந்து பேர் வெட்டியிருந்த எவர்சில்வர் டம்ளர்களில் அவர்களுக்கும் ஊற்றினாள். "சோணை – ராக்கு" என்று வெட்டியிருந்த டம்ளரைத் திருப்பிப் பிடித்து, பேர் உதட்டில் படாமல் முதலில் குடித்தவர்கள், போகப் போக எந்தப் பக்கம் பேர் என்று பார்ப்பதை மறந்துபோனார்கள். பஞ்சாயத்து பிரசிடெண்டு முத்துராமுவே ஒரு நாள் தனியாக வந்தார். அவருக்குப் பனங்கற்கண்டு போட்டு, நன்றாக ஆறவைத்துக் குடிக்கப் பிடித்திருந்தது.

வந்தவர் ஒவ்வொருவரும் தான் ஒருவர்தான் வந்துபோவதாக நினைத்துக்கொண்டார். நல்லதம்பி கடை மட்டும் காரணம் தெரியாமல் வெறிச்சோடியது.

ஒளிவுமறைவாக நடப்பது எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஊர்க்கூட்டம் போட்டார்கள். கூட்டத்தில் அவரவர் தன்மேல் சந்தேகம் வரக்கூடாது என்று அடுத்தவரைக் காட்டிலும் உரக்கப் பேசினார்கள். பஞ்சாயத்துக் குழாய் பஞ்சாயத்துக்குச் சொந்தம், அதை ஊருக்குள் கொண்டுவர வேண்டும் என்றார்கள். சாவடி முன்னால் போர் போட்டுப் பார்த்தார்கள், புழுதிதான் வந்தது. அப்படியானால் குழாய் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், சுற்றிக் கம்பிக்கூண்டு போட்டுப் பூட்டிவிடலாம், காலையில் ஊருக்கு, மிஞ்சினால் மாலையில் காலனிக்கு, ஊருக்குத் தனி டம்ளர், ஊற்றுவதற்கு ஊர் ஆள் என்று முடிவாயிற்று.

ஒரு திங்கட்கிழமை காலையில் டிராக்டரில் கூண்டும் சங்கிலியும் வந்திறங்கின. கூடவே பிரசிடெண்டு, ரைஸ்மில்காரர், வாத்தியார், பூசாரி, ஊரில் தலை எடுத்த ஆண்கள் அத்தனை பேரும் வந்து வேம்படியில் வரிசையாக நின்றார்கள். காலனி ஆட்களும் வேலைக்குப் போகாமல் குழாயைச் சுற்றி நின்றார்கள்.

"இந்தா ராக்கு" என்றார் பிரசிடெண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்து. "இனிமே நீ ஊத்த வேணாம். எல்லாம் ஒரு முறைப்படி நடக்கணும்ல. தள்ளிக்க."

சோணை உள்ளே போய் அரிவாளோடு வந்தான். ராக்கு அவன் கையைப் பிடித்தாள். "வச்சுட்டு வா" என்றாள். "வச்சுட்டு வந்து குழாய அடி."

அவள் டம்ளர்களைக் கழுவிப் பலகையில் அடுக்கினாள். சோணை அடித்தான், டீ ஆவி பறக்க வந்தது, வாசம் வேம்பின் கிளைகளுக்குள் ஏறி, டிராக்டரைச் சுற்றி, நின்றவர்களின் மூக்கை ஒவ்வொன்றாகத் தொட்டுப் போனது. அன்றைக்கு மட்டும் ராக்கு யாரையும் எப்படி வேண்டும் என்று கேட்கவில்லை. ஒரு டம்ளரில் சுக்கைத் தட்டிப் போட்டு, கொஞ்சமாய் மிளகு தூவி, ரைஸ்மில்காரர் முன்னால் போய் நீட்டினாள். இரண்டு துளசி இலையைக் கிள்ளிப் போட்டு, ஒரு முறை மட்டும் ஆற்றி, பூசாரியிடம் நீட்டினாள். எலுமிச்சை அரை மூடி பிழிந்ததை வாத்தியாரிடம். கருப்பட்டியைக் கலக்காமல், கடித்துக்கொள்ளத் தனியாக வைத்ததை ஆடு தேடி வந்தவரிடம். வரிசையில் ஒருத்தரை விடவில்லை, ஒருத்தருடையது ஒருத்தருக்கு மாறவில்லை.

ரைஸ்மில்காரர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் கையில் இருந்த டம்ளரைப் பார்த்தார். கூட்டத்தில் எல்லாரிலும் உரக்கப் பேசியவரின் டம்ளர்தான் எல்லாவற்றிலும் விசித்திரமாக இருந்தது: உப்பும் மிளகாய் விதையும் போட்டது.

கடைசியாகப் பிரசிடெண்டு முறை வந்தது. ராக்கு பனங்கற்கண்டைப் போட்டு, டீயை ஊற்றி, அவர் கையில் கொடுக்காமல், மாயழகுப் பெரியப்பா உட்கார்ந்திருந்த வேம்படிப் பெஞ்சின் மேல் வைத்தாள்.

"கொஞ்சம் ஆறட்டுங்க" என்றாள். "ஒங்களுக்கு ஆறுனாத்தான பிடிக்கும்."

டிராக்டர் ஓட்டி வந்தவன்தான் முதலில் சிரித்தான். அவன் சிரிப்பை அடக்கப் பார்த்து அடக்க முடியாமல் ஸ்டீயரிங்கில் முகத்தைப் புதைத்தான். அடுத்து அன்னக்கொடி சிரித்தாள். அப்புறம் காலனி சிரித்தது, அப்புறம் வாத்தியாருக்கு வாயிலிருந்த எலுமிச்சை டீ மூக்கில் ஏறியது, அப்புறம் ஊரும் சிரித்தது. வேம்பில் இருந்த காக்கையெல்லாம் எழுந்து பறக்கிற அளவுக்குச் சிரித்தது. முன்பு ஒரு நாள் டீக்கடை பெஞ்சில் எழுந்த சிரிப்பு வேறு. இது அவரவர் தன்னையே பார்த்துச் சிரித்த சிரிப்பு.

பிரசிடெண்டு மட்டும் சிரிக்கவில்லை. சங்கிலியைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். அது ஆறுகிறவரை நின்றுகொண்டே இருக்க முடியாது. எடுக்காமல் போகவும் அவரால் முடியவில்லை. மேல்துண்டால் பெஞ்சைத் தட்டிவிட்டு, மாயழகுப் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மாயழகு கொஞ்சம் தள்ளி இடம் கொடுத்தார். வெயில் ஏறுகிறவரை இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அவரவர் டீயைக் குடித்தார்கள். கூண்டைப் பிற்பாடு கோழிகளுக்கு வைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பின் யாரும் ஆடு தேடி வரவில்லை. டீ குடிக்க வந்தார்கள். குடித்த டம்ளரை அவரவரே கழுவி வைக்க வேண்டும் என்று ராக்கு ஒரு வழக்கம் வைத்தாள். முதல் தடவை கழுவும்போது பூசாரிக்கு முகம் சிவந்தது; இரண்டாம் தடவை அடுத்தவர் டம்ளரையும் சேர்த்துக் கழுவினார். ஊர்ப் பெண்கள் தங்கள் ஆண்களுக்குத் தெரியாமல் வந்து, இத்தனை வருஷம் புருஷன் குடித்த மாதிரியேதான் தாங்களும் குடித்துக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்து, ஆளுக்கொரு ருசியோடு வீட்டுக்குப் போனார்கள். அதனால் சில வீடுகளில் இரண்டு அடுப்பு மூட்ட வேண்டி வந்தது.

கடைசியில் வந்தவர் நல்லதம்பி. கடையைச் சாத்திவிட்டு, ஓடையில் இறங்கி ஏறி, வேம்படிக்கு வெளியே பக்கவாட்டில் நின்றார்.

"அங்கிட்டு ஏன் நிக்கிறீங்க? உள்ள வாங்கண்ணே" என்றாள் ராக்கு. ஐயா என்று கூப்பிட்ட வாய் அண்ணே என்று கூப்பிட்டதை இருவருமே கவனித்தார்கள். "எப்பிடி வேணும், சொல்லுங்க."

நல்லதம்பி ஊரில் அத்தனை பேருடைய ருசியும் தெரிந்த மனிதர். அவர் குடித்ததெல்லாம் கடை சாத்தும்போது சட்டியில் மிஞ்சியது. "தெரியலயேம்மா" என்றார்.

அம்மா என்று அவர் சொன்னதையும் ராக்கு கவனித்தாள். ஆனாலும் சட்டென்று எதையாவது ஊற்றிக் கொடுத்துவிடவில்லை. "இங்க கேட்டாத்தான் கிடைக்கும். இருந்து யோசிச்சுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனாள். அவர் தினமும் வந்து உட்கார்ந்தார். மற்றவர்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆடி மாதக் காற்று வீசிய ஒரு காலையில் எழுந்து வந்து, தயங்கி, "ஒண்ணுமே போடாம, ஒரு வாய் மட்டும். பிடிச்சா அடுத்த வாய் கேக்குறேன்" என்றார். அப்படிக் கேட்டுக் கேட்டு எட்டு வாய் குடித்தார். மறுநாள் தன் கடையிலிருந்த பேப்பர் கப்புகளையெல்லாம் கொண்டுவந்து ராக்குவின் மூட்டத்தில் போட்டார். அவை குப்பென்று எரிந்து சாம்பல்கூட மிஞ்சாமல் போயின.

அந்தப் பக்கத்துக்கு வருகிற பஸ் ஒன்றே ஒன்று. அது ஊர்ச் சாவடியோடு நின்று திரும்பிவிடும். ஓடைக்கு இந்தப் பக்கம் ரோடு இல்லை, திருப்ப இடமில்லை, மேலதிகாரி உத்தரவில்லை என்று எத்தனையோ காரணம் உண்டு. டிரைவரும் கண்டக்டரும் டீக்காக ஓடையைக் கடந்து ஓடி வந்து ஓடிப்போய்க்கொண்டிருந்தார்கள். மழை பெய்து ஓடையில் சேறானபோது அது சிரமமாயிற்று. ஒரு நாள் டிரைவர் பஸ்ஸையே ஓடைக்குள் இறக்கி, மறுபக்கம் ஏற்றி, வேம்பைச் சுற்றித் திருப்பி, ராக்கு வாசலில் நிறுத்தினார். திருப்ப இடமும் இருந்தது, உத்தரவும் தேவைப்படவில்லை. அடுத்த மாதம் கப்பிக்கல் ரோடு வந்தது. போர்டில் "நரியேந்தல் காலனி" என்று எழுத்துப் போட்டார்கள்.

பஸ் காலனியில் திரும்புகிறதென்றால், காலனியிலிருந்துதான் அது புறப்படும். இது முதலில் யாருக்கும் உறைக்கவில்லை. உறைத்த அன்று காலையில் காலனிப் பெண்கள் அத்தனை பேரும் பழுப்புச் சேலையில் மஞ்சள் பூசிய முகத்தோடு ஏறி, சன்னல் சன்னலாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். ராக்கு டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில், சன்னலோரம் உட்கார்ந்தாள். வேறு எந்த வேலையும் இல்லை; பரமக்குடி வரைக்கும் போய், ஒரு படம் பார்த்துவிட்டு வருவதாக உத்தேசம். சோணை வாசலில் நின்று டம்ளர் கழுவிக்கொண்டிருந்தான். சாவடியில் ஊர் மொத்தமும் காத்துக்கொண்டிருக்கும். ஏறினால் நிற்கத்தான் வேண்டும்.

கண்டக்டர் வேம்படியில் தன் இஞ்சி டீயை ஊதி ஊதி, ஒவ்வொரு வாயாகக் கண்ணை மூடிக் குடித்துக்கொண்டிருந்தார். மணி ஆகிக்கொண்டிருந்தது. டிரைவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு விசிலுக்குக் காத்திருந்தார்.

ராக்கு சன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கண்டக்டரைப் பார்த்தாள். அப்புறம் தலையை உள்ளே இழுத்து, கரிக்கோடு ஓடிய உள்ளங்கையால் பஸ்ஸின் தகரத்தை ஓங்கி இரண்டு தட்டுத் தட்டி, ஓடைக்கு அந்தப் பக்கம் சாவடி வரைக்கும் கேட்கிற குரலில் கத்தினாள்.

"ரைட்டு! போலாம்!"

யார் சொன்னது என்று டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை. கியரைப் போட்டார். பஸ் புறப்பட்டது.